நண்டுக்கறியும் பெரியமடு அரிசியும்

மாஸ்டர்,

இன்றைக்கு மத்தியானம் ஒரு அடுப்பில் நண்டு கொதித்தது. மற்ற அடுப்பில் உங்கள் மகன் உங்கள் ஊர் பெரியமடுவில் இருந்து கொண்டுவந்த புது அரிசி. இரண்டு மணமும் ஒன்றாக வந்ததும் உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கச்சான் காற்றில் வள்ளம் கவிழ்ந்து எங்கள் மூத்தவன் போனான். உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என் மனுசி நண்டை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. "என்ர பிள்ளையைத் திண்டதை நான் தின்னமாட்டன்" என்றாள். நண்டு பிடித்துச் சீவிக்கிற வீடு எங்களுடையது. மெல்ல மெல்ல மீனையும் விட்டாள். பிறகு சோற்றையும் குறைத்தாள். அவளையும் புதைக்க வேண்டி வருமோ என்று பயந்து கிடந்தேன்.

நீங்கள் அப்போது எங்கள் விடத்தல்தீவில் உயிரியல் படிப்பித்துக்கொண்டு அடுத்த வீட்டில் இருந்தீர்கள். சுத்த சைவம். நாங்கள் மீன் வெட்டினால் யன்னலைச் சாத்துவீர்கள். "கடற்கரைக்கு வந்து பூசணிக்காய் தேடுற ஒரே ஆள் நீங்கள்தான்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஒருநாள் வேலியடியில் அவள் உங்களை மறித்தாள்.

"மாஸ்டர், நீங்கள் படிப்பிக்கிறது உயிரைப் பற்றித்தானே? செத்தாப் பிறகு உயிர் எங்கை போகுதெண்டு அதிலை கிடக்கோ?"

நீங்கள் சிரிக்கவில்லை. "இல்லை அக்கா. பேர்தான் உயிரியல். உடம்பு எங்கை போகுதெண்டு மட்டும்தான் கிடக்கு."

"எங்கை போகுது?"

"மண்ணுக்கு, தண்ணிக்கு, மீனுக்கு, நண்டுக்கு. எங்கடை ஊரிலை சுடலைக்குப் பக்கத்திலை வயல். மழை பெய்தால் சாம்பல் வயலுக்கை இறங்கும். அந்த நெல்லைத்தான் தின்னுறம். என்ர அப்புவும் அதுக்கை கொஞ்சம் இருப்பார்."

"அருவருக்கேல்லையோ?"

"அப்புதானே அக்கா."

அவள் வேலிக்குக் கிட்ட வந்தாள். "அப்ப என்ர பிள்ளை எங்கை?"

"அது எனக்குத் தெரியாது."

மாதா கோயில் சுவாமியார் மோட்சம் என்றிருந்தார். சாத்திரக்காரன் வேறொன்று சொல்லியிருந்தான். தெரியாது என்றவர் நீங்கள் ஒருவர்தான். அவள் நம்பியதும் உங்களைத்தான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து என்னிடம் நண்டு கேட்டாள். சமைத்தாள், சோற்றுக் கோப்பையில் போட்டாள், வாயில் வைக்க முடியவில்லை. நான் வேலிக்கு மேலால் உங்களைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் குந்தி, "எனக்கும் ஒரு கால் போடுங்கோ அக்கா" என்றீர்கள்.

போட்டாள். நீங்கள் அதை முருங்கைக்காய் மாதிரிக் கடித்தீர்கள். பல்லு நொந்து முகம் கோணியது.

"ஐயோ மாஸ்டர், ஓட்டையும் தின்னப்போறியளோ!"

மகன் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்தபடியே காலை உடைத்து உங்களுக்குத் தந்தாள். அந்தக் கையாலேயே தானும் ஒரு வாய் வைத்தாள். அதற்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் நண்டு தொட்டதில்லை.

போன வருசம் பெரியமடுவில் உங்களை எரித்தபோது நானும் நின்றேன். நீங்கள் சொன்னபடி பக்கத்தில் வயல் இருந்தது.

இன்றைக்கு அந்த அரிசிச் சோற்றைப் போட்டபடி மனுசி கேட்டாள். "இஞ்சருங்கோ, மாஸ்டரும் இதுக்கை இருப்பாரோ?"

"உடம்பெண்டால் கொஞ்சம் இருக்கும். ஆள் எங்கையெண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப சிந்தாமல் சாப்பிடுங்கோ" என்றாள்.