மாதிரி வீட்டின் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது

அனுப்புநர்:
எட்டாம் எண் வீட்டின் மூத்த மகள்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
பராமரிப்புப் பிரிவு அலுவலர் அவர்கள்,
குடியிருப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு டைல்ஸ் வேலையை 'நன்று' என்று ஏற்றுக்கொண்டதை ரத்து செய்து, 'நன்றாக இல்லை' என்று அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். புகார் எழுதுபவர்கள் பொதுவாக வேலை செய்தவர் மேல் கோபத்தில் இருப்பார்கள். எனக்குக் கோபம் இல்லை. வேலை செய்த கொத்தனார் என் அம்மாவின் தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

1. நமது குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளிலும் பழைய சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட அலுவலகம் முடிவு செய்தது. குலுக்கலில் எங்கள் வீடு மாதிரி வீடாக வந்தது. இதில் யாருடைய சிபாரிசும் இல்லை. இங்கே வேலை தேறினால் மற்ற வீடுகளிலும் மாமாவே இதே முறையில் போடுவார் என்பது ஏற்பாடு. இதுநாள்வரை பிறரிடம் கூலிக்கு இருந்த மாமா, சொந்தமாக எடுத்த முதல் வேலை இது. வருகிற திங்கட்கிழமை மூன்றாம் எண் வீட்டில் ஆரம்பிக்க இருக்கிறார்.

2. தங்கள் பொறியாளர் பார்வையிட வந்தபோது நானும் இருந்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, "பளபளன்னு இருக்கே, முகம் பாக்கலாம் போல" என்றார். உண்மைதான், அவர் முகம் தெரிந்தது. அம்மா பழச்சாறு கொடுத்தார். அவர் நீட்டிய படிவத்தில் திருப்தி என்ற இடத்தில் அப்பா கையொப்பமிட்டார். அப்போது மாமா அப்பாவுக்குப் பின்னால் துண்டைக் கையில் முறுக்கியபடி நின்றுகொண்டிருந்தார். மனைவியின் தம்பி முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது ஒருவர் போடும் கையொப்பத்தை டைல்ஸைப் பற்றிய கருத்தாகக் கொள்ளக் கூடாது என்பது என் பணிவான எண்ணம்.

3. வீடு கட்டும் கலை பற்றி எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. தரையைச் சோதிக்க விரும்புகிறவர் மினுமினுப்பில் மயங்காமல், தண்ணீர் ஊற்றியும் உள்ளங்கையால் தடவியும் விரல் முட்டியால் தட்டியும் பார்க்க வேண்டும் என்கிறது. அவ்வாறே பார்த்ததில் தெரிந்தவை:

(அ) குளியலறைத் தரையின் வாட்டம், அதாவது சரிவு, தலைகீழாக இருக்கிறது. தண்ணீர் மூலையில் உள்ள துவாரத்துக்குப் போகாமல், நல்ல விருந்தாளியைப் போல நேராகக் கூடத்துக்கு வருகிறது.

(ஆ) கூடத்தின் நடுவில் இரண்டு டைல்களின் விளிம்பு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. அப்பா அதே கால்விரலை அதே இடத்தில் பலமுறை இடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும், தான்தான் பார்த்து நடக்கவில்லை என்றார்.

(இ) ஜன்னல் ஓரத்து டைல்களில் ஆறு, தட்டினால் காலி டப்பாவைப் போல ஒலிக்கின்றன. அடியில் கலவை முழுவதுமாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

(ஈ) சமையலறைச் சுவரில் நான்கு டைல்கள் சேர்ந்தால் ஒரு பூ. அடுப்புக்கு மேலே உள்ள பூவில் மட்டும் ஒரு டைல் திரும்பியிருப்பதால் ஓர் இதழ் பக்கத்துப் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்றடித்தால் பூ அப்படித்தான் திரும்பும் என்பது அம்மாவின் வாதம்.

4. இவ்வளவையும் என் குடும்பத்தார் மறைத்த விதத்தையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். குளியலறை வாசலில் அம்மா ஒரு சாக்கைச் சுருட்டி அணை கட்டியிருக்கிறார். அப்பா ஒரு கையில் குவளையும் மறு கையில் தண்ணீர் தள்ளும் கட்டையுமாகக் குளிக்கிறார். தங்கையின் பந்தை எங்கே வைத்தாலும் பீரோவுக்கு அடியில் போய்விடுகிறது. தேடும் வேலை மிச்சம் என்று அதற்கும் வீட்டில் பாராட்டு உண்டு. மாலையில் மாமா வரும் நேரம் பார்த்து அம்மா கூடத்தைத் துடைத்து, சாக்கைப் பரண்மேல் எறிந்துவிடுவார். தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று மாமா கேட்பார். ஜம்மென்று போகிறது என்பார் அம்மா. எங்கே போகிறது என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

5. மூன்றாம் எண் வீட்டில் இருப்பவர் கம்பு ஊன்றி நடப்பவர். அவர் வீட்டுக் கூடத்துக்கும் இப்படித் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்குப் படிப்பு ஓடவில்லை. பதினொரு வீடுகளில் மாமாவின் பெயர் கெடுவதைவிட ஒரு வீட்டில் தரை உடைவது மேல் என்று தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் இந்த மனுவை எழுதத் தொடங்கினேன்.

6. இதுவரை எழுதியிருந்தபோது தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்த மாமா, என் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் படித்துவிட்டார். நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். அது அவர் காலைக் கடந்து, வாசலில் காபியோடு நின்றிருந்த அம்மாவின் காலுக்கு வந்தது.

"மொத வாளியிலேயே எனக்குத் தெரியும்க்கா," என்றார்.

"அப்புறம் ஏண்டா வாயத் தொறக்கல?"

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னா, நான் எதைச் சொல்லி ஒடைக்கிறது? ஆபீஸ்லயும் பாஸ் பண்ணிட்டாங்க."

அம்மா காபியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பரண்மேலிருந்த சாக்கை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டார். அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா, "என் கால் வெரலையும் எழுதிக்கம்மா" என்றார். பிறகு ஆளுக்கொரு குறையாகச் சொல்லத் தொடங்கி, சாப்பாட்டு நேரம்வரை எங்கள் வீட்டில் சிரிப்பு அடங்கவில்லை. டைல்ஸ் போட்ட நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் உண்மை பேசியது அன்றுதான்.

7. மாமா தட்டிப் பார்த்ததில், அடியில் பொள்ளலாக ஒலிக்கும் டைல்கள் நான் எழுதியிருந்தபடி ஆறு அல்ல, ஒன்பது. "எண்ணத் தெரியாம என்னடி புகாரு?" என்று கேட்டுத் திருத்தச் சொன்னார். மேலும், தரை உயர்ந்துவிட்டதால் படுக்கையறைக் கதவு மூடாது என்பதையும் அவரே சேர்க்கச் சொன்னார். நாங்கள் அதை மூடுவதே இல்லை என்பதால் கவனிக்கவில்லை.

8. குறைகளின் காரணம், மாமா கூறியபடி: குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் தாழ்வாக வைத்து, அங்கிருந்து வாசலை நோக்கித் தரையை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆனால் எட்டிப் பார்ப்பவர் கண்ணில் முழு டைல்தான் படவேண்டும், வெட்டிய துண்டெல்லாம் பின்னால் போகட்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். எனவே வாசலிலிருந்து ஆரம்பித்து, துவாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தரை மேலே வந்துவிட்டது. வேறு வீடாக இருந்திருந்தால் அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டாராம். ஜன்னல் ஓரத்துக் கதையும் அதேதான். அவர் கலவையைப் பரப்பும் போதெல்லாம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். கலவையும் காத்திருக்காது, அம்மாவும் காத்திருக்க மாட்டார். ஆகவே, வேலை தெரியாததால் வந்த குறைகள் அல்ல இவை. அக்கா வீடு என்பதால் வந்தவை.

9. எனவே தாங்கள் கருணை கூர்ந்து, எங்கள் வீட்டு வேலையைத் தேறாதது என அறிவித்து, மாமாவே அதை உடைத்துத் திரும்பப் போட அனுமதி வழங்க வேண்டும். அது முடியும்வரை மூன்றாம் எண் வீட்டில் கை வைக்கக் கூடாது. மறுபடி பார்வையிட வரும் பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாளித் தண்ணீராவது ஊற்றிப் பார்க்க வேண்டும். பழச்சாறு அதற்குப் பிறகுதான்.

கலவை போட்டிருக்கும் நேரத்தில் கொத்தனாரைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது என்று அம்மாவுக்கு எழுத்துமூலம் ஓர் உத்தரவும் தேவை. அப்பா வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அலுவலக முத்திரை இருந்தால் ஒருவேளை பலன் கிடைக்கும்.

அடுப்புக்கு மேலே உள்ள பூவை மட்டும் அப்படியே விட்டுவிடுமாறு அம்மா கேட்டுக்கொள்கிறார். இதில் எனக்கும் மறுப்பில்லை.

இடம்: எட்டாம் எண் வீட்டுச் சமையலறை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
எட்டாம் எண் வீட்டின் மூத்த மகள்

திருப்தி என்று முன்பு போட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்:
(கையொப்பம்)
அப்பா

மேலே கண்ட குறைகள் எல்லாம் என் கைவேலைதான். படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே சுத்தியலோடு வந்துவிடுவேன், உத்தரவு அதற்குள் வந்தால் நல்லது:
(கையொப்பம்)
புகாருக்கு உள்ளான கொத்தனார்