டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை

என் அன்பு டாக்டரம்மா,

நேற்று அப்பா சட்டையைக் கழற்றிவிட்டார். எங்கே என்று கேட்கிறீர்களா? நீங்கள் போன பிறகு நான் அவரை அழைத்துப்போன பெரிய ஆஸ்பத்திரியில்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே பட்டனை அவிழ்த்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஜோகுபாளையத்து உங்கள் கிளினிக்கில் அதுதானே வழக்கம்? முதலில் முதுகு, அப்புறம்தான் பேச்சு. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைப்பீர்கள்.

இந்த டாக்டர் சின்ன வயசு. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, ஸ்கேன் வந்துவிட்டது, சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், வெளியே அத்தனை கூட்டம், அவரைக் குற்றம் சொல்லி என்ன? ஆனால் அப்பா அந்த ஏசிக் குளிரில் வெற்று முதுகோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் பட்டன் போட்டுவிட்டேன்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் அப்பா விழுங்கிய தூசியை எந்த மருந்தாலும் வெளியே எடுக்க முடியாது என்று மறைக்காமல் சொன்னவர் நீங்கள். சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"மேஸ்திரி, பயப்படுற நேரம் வந்தா நானே சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் கவலைய நான் படறேன், நீங்க தூங்குங்க."

அவரும் தூங்கினார். இருமல் பிடித்து நாங்கள் பதறினால், டாக்டரம்மாவே ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கென்ன என்று எங்களைத்தான் அதட்டுவார்.

நேற்று அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நுரையீரலில் இனி தெம்பில்லை, வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"அந்தப் புள்ள எதையாச்சும் சொல்லியிருக்கும், விடும்மா. அப்படி ஒண்ணு இருந்தா, டாக்டரம்மா சொல்லாமலா போயிருப்பாங்க?"

உங்கள் உடலுக்கு மாலை போட, மூச்சு வாங்க வாங்க வரிசையில் நின்றவர்தான் இதைச் சொல்கிறார். நான் என்ன செய்வேன்? நீங்களாக இருந்தால் இதை எந்த வார்த்தையில் ஆரம்பித்திருப்பீர்கள்? உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. இப்படியா எங்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது?

இன்று காலை ஆக்சிஜன் மெஷின் வந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி அங்கே வைத்தேன். உள்ளே என்னவோ கரகரத்தது. எனக்கு என்ன தெரியும்?

"என்னம்மா சொல்லுது?" என்றார்.

நான் மறுபடி உள்ளங்கையைத் தேய்த்து வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா, நீங்கள் பட்ட கவலையை இனி நான் படுகிறேன். அதற்கான படிப்பும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி மூச்சுவரை அந்த முதுகிலிருந்து கையை எடுக்க மாட்டேன்.

உங்கள் மேஸ்திரிக்கும் உங்களுக்கும் மகள்,
செல்வி