அப்பா தலைமாட்டில் பூத்தது

அம்மாவுக்கு வணக்கமுங்க. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கேங்டாக் குளிர் பழகிவிட்டது.

அப்பாவைப் புதைத்த இடத்தைப் போட்டோ அனுப்பி, "வருசத் திதிக்கு முந்தி வேலியோரத்தச் சுத்தம் பண்ணிப்போடோணும், கண்ணு" என்றீர்களே, அதில் தலைமாட்டுக் கிளுவை வேலியில் ஒரு கொடி ஊதாவாகப் பூத்திருக்கிறது. அழிந்துகொண்டிருக்கும் செடி. மலைக்காட்டில் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்திருந்தோம். எங்கள் தாவர ஆராய்ச்சி ஆபீசில் காட்டினேன், பெரிய ஆபீசர் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த மூலையில் அரிவாள் படக்கூடாது என்று தனபால் அண்ணனிடம் சொல்லுங்கள். ஆட்டை வேறு பக்கம் கட்டுங்கள். எனக்குக் கொஞ்சம் சுண்டை வத்தல் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

அப்பா போனபோது கேட்டும் கிடைக்காத லீவு, இந்தப் பூவுக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது.

உங்கள் மகள்,
சிவரஞ்சனி