சோலையம்மாள் சுவரில் ஒட்டிய லேபிள்

ஆமத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா வள்ளித்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெண்டாட்டி மாரிசெல்வியும் உன் மகள் இசைவாணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ பத்து வார்த்தை பேசுகிறாய், ஞாயிற்றுக்கிழமை பேசினபோதும் ஏம்மா நீ சும்மா கெட, எல்லாம் நான் பாத்துக்கிடுறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா. லீவுக்கு வந்த மாரிசாமி வியாழக்கிழமை திரும்ப மஸ்கட் புறப்படுகிறான், அவனிடம் சாத்தூர் காரச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். சேவைப் பிரிக்கும் முன் இதைப் படி.

இங்கே தீபாவளி சீசன் கழுத்தை நெரிக்கிறது. மாரிசெல்வி பிரஸ்ஸில் வெட்டும் மிசினுக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் வீங்கிப்போய் வருகிறாள். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று சவலை. அதெல்லாம் கிடக்கட்டும். இசைவாணி பள்ளிக்கூடத்தில் நடக்கிற ஏற்பாட்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருந்தேன். வயசுப் பிள்ளைகள் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி பண்ணி நோகடிக்கிறார்கள், அதை நிறுத்தச் சொல்லி விழிப்புணர்வுப் பிரச்சாரம் செய்யப்போகிறார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து சிவகாசி பஸ் ஸ்டாண்டு வரை ஊர்வலம், முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ், லோடு ஏறுகிற வெடிப் பெட்டிகளில் கூட ஸ்டிக்கர். படம் வரைவதும் நம் பிள்ளைதான், மேடையில் உறுதிமொழி வாசிப்பதும் நம் பிள்ளைதான் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, ஐந்தாவதோடு நின்றவள் பேத்தி மைக் பிடிக்கப்போகிறாள் என்று பால்காரனைக் கூட விடாமல் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கூட்டம் போட்டார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்றார்கள், மாரிசெல்விக்கு வேலை இருந்ததால் நான் போனேன்.

கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் ராஜபாண்டியன் இருந்தார், மாரிசெல்வியின் முதலாளி காசிராஜனும் இருந்தார், அச்சு வேலை முழுக்க அவர் பொறுப்பு. ஃபிளெக்ஸில் என்ன போடுவது என்றுதான் பேச்சு. ஒரு டீச்சர் கவிதை எழுதி வந்திருந்தார், முதலாளி கேட்டுவிட்டு, அம்மா கவிதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பஸ் ஸ்டாண்டுல நின்னு படிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்துக் காட்டினார். வெடிப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் மாதிரியே சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது, நடுவில் ஒரு பையன் முகம். அவன் இசைவாணி வகுப்பில் படிக்கிற செல்வக்குமார், பேச்சு திக்குகிற பிள்ளை. படத்தைச் சுற்றி, செல்வக்குமார் மார்க் நமத்த வெடி, பற்ற வைத்தால் ப ப ப என்னும் வெடிக்காது, என்று எழுதியிருந்தது. இதைப் பெஞ்சிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பஸ்ஸிலும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான், அதனால்தான் இந்தப் பிரச்சாரமே. முதலாளி சொன்னார், மொகத்த மட்டும் மறைச்சு இதையே பத்தடிக்கு அடிப்போம், பாக்கிறவனுக்குச் சுருக்குன்னு தைக்கணும், அந்தப் பையனோட அம்மாவக் கூட்டியாந்து முன்வரிசையில உக்கார வச்சுப் பொன்னாடை போத்துவோம் என்று. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இசைவாணி மட்டும் தட்டவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அப்பத்தா அத வரைஞ்சது நாந்தான் என்றாள். ஃபிளெக்ஸ் படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, தெரியுமே தாயி என்றேன். அது இல்ல அப்பத்தா, அந்த லேபிளு என்றாள். லீவில் அம்மாவோடு பிரஸ்ஸுக்குப் போகிறாளே, அங்கே கம்ப்யூட்டரில் செய்து கலர் பிரிண்ட் எடுத்திருக்கிறாள். ஏன்டி செஞ்ச என்று கேட்டால், வெளாட்டுக்குத்தான் செஞ்சேன், எல்லாரும் சிரிச்சாக, எம்புட்டு நல்லா வரைஞ்சிருக்கன்னுதான் சொன்னாக, அவனும் கூடத்தான் சிரிச்சான் அப்பத்தா என்கிறாள். அவனும் சிரித்தான் என்று சொல்லும்போதுதான் அழுதாள்.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொன்னோம். நீ என்ன சொன்னாய், சனிக்கெழம முடியட்டும், அவ வாசிச்சிட்டு எறங்கட்டும், இப்ப வெளிய தெரிஞ்சா மாரிசெல்விக்கு வேல போகும், பிள்ளைய ஸ்கூல விட்டு அனுப்பிருவாக, யாரும் வாயத் தொறக்காதீக என்றாய். மாரிசெல்வியும் உன் பக்கம்தான், அவள் பயம் எனக்குத் தெரியாதா. நானும் ஒரு இரவு முழுக்க உன் சொல்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை, திங்கட்கிழமை காலையில் அந்தப் பையன் வீடு இருக்கிற ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

செல்வக்குமாரின் அம்மா யார் தெரியுமா, நம் சோலையம்மாள். சின்னப் பிள்ளையிலேயே வெடிக் கம்பெனிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டினவள், பள்ளிக்கூட வாசலைக் கூட மிதிக்காதவள். என் பிள்ளையை வெடிமருந்துப் பக்கம் விடமாட்டேன் என்று பிடிவாதமாகப் படிக்க வைக்கிறாள். என்னைப் பார்த்ததும் வாங்க அத்த, எம்புட்டு நாளாச்சு என்று காப்பி போட்டாள். உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன், மாரியம்மன் காலண்டருக்குக் கீழே சுவரில் அந்த லேபிள் ஒட்டியிருக்கிறது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. பாத்தீகளா அத்த, மொதலாளி வீட்டுப் பிள்ளைக மொகந்தான லேபிள்ல வரும், இப்ப எம்மகன் மொகமும் வந்திருக்கு, பையத் துவைக்கையில உள்ள கெடந்துச்சு, மாவு காய்ச்சி நாந்தான் ஒட்டுனேன் என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பையன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றானாம், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லையாம், லாரியில் லோடு ஏற்றப் போகிறேன் என்கிறானாம். கிழித்துப் போட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள், அதனால் அவன் கிழிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, சனிக்கிழமை விழா, உன் மகன் விஷயமாகத்தான், உனக்குப் பொன்னாடை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அதற்காக இருக்கிற ஒரே நல்ல சேலையை மடித்து வைத்திருக்கிறாள். பிறகு கேட்டாள், அத்த நீங்க அஞ்சாவது படிச்சவுக, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க, இவன் கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். அந்தப் பிள்ளை பின்வாசலில் நின்று என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தான். பேரு போட்டிருக்கு தாயி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நீயே சொல் முனியராஜ். சனிக்கிழமை அவள் அந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள், பத்தடி ஃபிளெக்ஸில் அந்த லேபிள் நிற்கும், முகத்தை மறைத்தாலும் அவளுக்குத் தெரியாதா. மைக்கில் வாசிக்க வாசிக்க ஊர் முன்னால் அவளுக்கு விளங்கும். வாசிக்கிறது யார், உன் மகள். பிறகு பாத்துக்கிடலாம் என்றால் எதைப் பார்ப்பது. அதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள்ளே, அவள் சுவருக்கு முன்னால், எழுதினவள் வாயால் அவளுக்குத் தெரியவேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இசைவாணியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, ராத்திரிச் சோறுதான் இறங்கவில்லை.

புதன்கிழமை. போய் வந்துவிட்டோம். நீ பயந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனைக்குட்டத்திலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போனோம், இசைவாணியே ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். அவர் உறுதிமொழித் தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தான் செய்ததைச் செல்வக்குமார் பெயர் வராமல் மேடையில் தானே சொல்கிறேன் என்கிறாள், விடுவார்களா என்று தெரியாது, நாளை சொல்வதாகச் சொன்னார். முதலாளி, அடிச்ச ஃபிளெக்ஸ என்னம்மா செய்ய என்று என்னைத் திட்டினார், திட்டிவிட்டு மடக்கி உள்ளே போடச் சொன்னார். மாரிசெல்வி வேலையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவள் வழக்கம்போல் போய் மிசினிடம் நின்றிருக்கிறாள், பார்ப்போம்.

சோலையம்மாள் வீட்டில் நடந்தது இதுதான். இசைவாணி சுவருக்கு முன்னால் நின்று செல்வக்குமார் மார்க் என்று வாசித்தாள், அதோடு நிறுத்திவிட்டாள். வாசி தாயி, மார்க்குன்னா நல்லதுதான என்றாள் சோலையம்மாள். மிச்சத்தையும் வாசித்தாள், அந்த ப ப ப-வையும் விடாமல். யாரு எழுதுனது என்று கேட்டாள், நாந்தான் என்றாள் நம் பிள்ளை. சோலையம்மாள் என் பக்கம் திரும்பி, பேரு போட்டிருக்குன்னு சொன்னீகளே அத்த என்றாள். அவள் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரும் பழந்துணியும் கொண்டுவந்து இசைவாணி கையில் கொடுத்து, எழுத்த மட்டும் தேச்சு எடு, எம்பிள்ள மொகத்துல ஒரு கீறல் விழக் கூடாது என்றாள். பிள்ளை துணியை நனைத்து நனைத்துத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள், பசை லேசில் விடவில்லை, விரல் சிவந்துபோனது, நானும் உதவப் போகவில்லை. கடைசியில் காலண்டருக்குக் கீழே அவன் முகம் மட்டும் நின்றது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள், பாவி.

அப்போதுதான் அந்தப் பையன் பேசினான். ஃபிளெக்ஸில் இது வரக் கூடாது என்று சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆனது, நடுவில் இசைவாணி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன், அவனே சொல்லி முடித்தான். பள்ளிக்கூடத்துக்கு வருவியா என்று கேட்டேன், பாக்கலாம் என்றான், அவ்வளவுதான். சோலையம்மாள் எங்களுக்குக் காப்பி தரவில்லை, அது அவள் நியாயம். பொன்னாடைக்கும் வரமாட்டாள்.

நீ நீண்ட ஆயுசோடும் தெம்போடும் இருக்க வேண்டும், உன் மகள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், இரண்டு பேருக்கும் மாரியம்மன் துணை நிற்கட்டும். வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே. இன்னொன்று, மறக்காதே. சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் போன் போடு. திட்டாதே, தாங்கியும் பேசாதே. ஆனைக்குட்டத்தில் என்ன நடந்தது என்று அவளிடம் கேள், அவள் திக்கித் திக்கித்தான் சொல்வாள், சொல்லி முடிக்கும்வரை நடுவில் ஒரு வார்த்தை பேசாதே.

இப்படிக்கு,
உன் நல்லதை நினைக்கும் அம்மா,
ஊ. வள்ளித்தாய்.