எங்கள் சர்வருக்கு ஒரு பெயர்

2004 ஆகஸ்ட் 2, திங்கள்
காலையில் முதலாளி ராஜகோபாலன் சார் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா ஷாயிஸ்தா, நெட் போயிடுச்சா?" என்றார். போகவில்லை சார், குப்பை மெயில்தான் போயிற்று!

திருமுடிவாக்கத்து வால்வு கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருத்திதான். மெயில் கொண்டுவரும் மெஷினின் எண்ணை வைத்து, அதற்குப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று எங்கள் சர்வர் இனி தேடிப் பார்க்கும். பெயர் இல்லையா, வாசலோடு சரி. குப்பை அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயரே கிடையாது. திமிராகவே எழுதுகிறேன் - நான் கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 6, வெள்ளி
பினாங்கு கம்பெனிக்கு சேல்ஸ் பிரேம் விலைப்புள்ளி அனுப்பி ஒரு வாரம். பதில் இல்லை. விலைப்புள்ளி போய்ச் சேர 13ஆம் தேதி கடைசி. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் இரண்டாவது ஷிப்ட்டை நிறுத்தப்போவதாக சார் சொல்லிவிட்டார். அந்த ஷிப்ட்டில் வேலை செய்யும் முத்தாலம்மாள் அக்கா கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பினாங்குக்காரன் எதுனா எழுதினானா? எங்க பொயப்பே அதுலதான் கீது."

என் ஃபில்டர்தான் அவர்கள் பதிலைத் தடுத்துவிட்டதோ? பதிவுகளைப் பார்த்தேன். அங்கிருந்து எதுவும் வரவே இல்லை.

ஆகஸ்ட் 9, திங்கள்
பிரேம் கிண்டல் செய்தான். "உன் ஃபில்டர்ல ஓட்டை. டெலிவரி ஃபெயில்டுன்னு ஒரு வைரஸ் மெயில் வந்துகிட்டே இருக்கு, நானும் அழிச்சுகிட்டே இருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். ஐயோ, வைரஸே இல்லை! எங்கள் சர்வர் அவனுக்கு எழுதியது. விலைப்புள்ளியையும் அவன் அனுப்பிய நினைவூட்டல்களையும் பினாங்கு சர்வர் திருப்பியடித்திருக்கிறது. காரணம் - உங்கள் மெஷினுக்குப் பெயர் இல்லை.

நான் போட்ட அதே விதி! ஊரையெல்லாம் பேர் கேட்டியே, உன் வூட்டு பேரைப் பார்த்தியாடி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

பினாங்குக்காரர்கள் விதிப்படி யாஹூவிலிருந்து அனுப்பினால் செல்லாதாம். கம்பெனி முகவரியிலிருந்துதான் வரவேண்டுமாம்.

ஆகஸ்ட் 10
நெட் இணைப்பு கொடுத்தவர்களின் தாம்பரம் ஆபீஸ். அந்தப் பெயரை அவர்கள்தான் பதிய வேண்டும். தயாளன் என்ற அதிகாரி கேட்டார்: "நெட்டு வருதுல்ல மேடம், அப்புறம் பேரு எதுக்கு?" விளக்கினேன். மறுபடி விளக்கினேன். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சாயங்காலம் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.

ஆகஸ்ட் 12
இன்னும் இல்லை. திரும்பப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே தயாளன் ஃபோனை எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, வெள்ளி
வந்துவிட்டது!! எண்ணைக் கொடுத்தால் எங்கள் கம்பெனி பெயர் முழுசாக வருகிறது. பிரேம் உடனே அனுப்பினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரவில்லை. நாலு மணிக்குப் பினாங்கிலிருந்து ஒரு வரி: கிடைத்தது, நன்றி. அல்ஹம்துலில்லாஹ். அனகாபுத்தூர் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, புதன்
இரண்டாவது ஷிப்ட்டுக்கு ஆள் போதவில்லை. முத்தாலம்மாள் அக்காவின் மகள் மஹாலட்சுமி திங்களன்று வேலைக்குச் சேருகிறாள்.