பால் நோய்

மே 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் என்ன டாக்டரம்மா என்று முறைப்பாய். முறைத்துக்கொள்.

நானும் என் தங்கையும் நலம். பட்டுப்புழுக்கள்தான் சரியில்லை. மூன்றாவது தோலை உரித்த பிறகு நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தன. நேற்றுக் காலை ஷெட்டைத் திறந்தால் ஒரு வாடை. சில தட்டுகளில் புழுக்கள் உப்பி, மஞ்சளாகி, விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. மல்பெரி இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றைத் தொட்டேன். தோல் கிழிந்து வெள்ளையாக விரலில் ஒழுகியது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எத்தனை சோப்புப் போட்டும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து ஷெட்காரர் வந்து பார்த்தார். "பால் நோய். பாக்காத, வாரிக் கொளுத்திடு" என்றார். நீ வைரஸ் படிக்கத்தானே அவ்வளவு தூரம் போயிருக்கிறாய், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எழுதுகிறேன். இந்தப் புழுக்கள் கூடு கட்டி முடித்ததும் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தேன்.

உன்,
பட்டுக்காரன்


மே 7

அன்பு மிக்க உங்களுக்கு,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விளிம்பில் ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான். புழு ஓடவில்லைங்க. வைரஸ் ஓட்டுகிறது.

அதற்குக் கால் இல்லை, வாய் இல்லை, மூளை இல்லை. உயிராவது உண்டா என்று கேட்டால் எங்கள் பேராசிரியரே தலையைச் சொறிவார். ஆனால் புழுவுக்குள் புகுந்து, பசியை அணைத்துவிட்டு, நட என்கிறது. நடந்த இடமெல்லாம் உடைந்து சிந்தினால்தானே அடுத்த புழு அதைத் தின்னும்? அந்த வைரஸிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புழு அந்த மாதிரி அலையவில்லை. உங்கள் விரலில் ஒழுகிய வெள்ளையை நுண்ணோக்கியில் பார்த்தால் கற்கண்டு மாதிரிப் படிகங்கள். உள்ளே வைரஸ்கள் பத்திரமாக இருக்கும். மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, ஒரு புழுவின் வயிற்றுக்குப் போனதும் கரைந்து வெளியே வரும். இதை எழுதும் உற்சாகத்தில் எனக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஒரு உதவி. நோய் கண்டதில் இரண்டு தட்டை மட்டும் கொளுத்தாமல் ஓரமாக வையுங்கள். எங்கே ஏறுகின்றன, எங்கே உடைகின்றன என்று பார்த்து எழுதுங்கள். உடைந்ததில் கொஞ்சம் பாட்டிலில் அடைத்து அனுப்புங்கள். ப்ளீஸ். தங்கையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
அவள்


மே 17

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? இரண்டு தட்டை மூலையில் வைத்தேன். அவை தட்டை விட்டு இறங்கின. தூணில் ஏறின. கூரைக் கம்பியில் போய்த் தொங்கி, நல்ல தட்டுகளின் மேல் சொட்டின.

இப்போது நல்ல தட்டு என்று ஒன்று இல்லை. ஷெட் முழுக்கக் கூழ். பால் திரிந்த நாற்றமும் பிண நாற்றமும் கலந்து அடிக்கிறது. நானும் தங்கையும் மண்வெட்டியால் வாரினோம். செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வாரும்போது சில இன்னும் தலையைத் தூக்கி ஏற இடம் தேடின. குழிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

"படிச்சவ சொன்னான்னு வச்சிருந்தியாக்கும்" என்றார் பக்கத்து ஷெட்காரர்.

அலையும் என்று எழுதியவள் நீ. அலைவதை ஓரமாக வை என்றவளும் நீதான்.

கல்யாணமாகி நீ எனக்கு எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான், தெரியுமா? பாட்டில் இத்துடன் வருகிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அள்ளினேன். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை இறுக்கினாள்.

பட்டுக்காரன்


மே 21

அன்பு மிக்க உங்களுக்கு,

மன்னித்துவிடுங்கள். ஓரமாக என்றால் வேறு அறையில் வைப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கி எழுதாதது என் தப்பு. ஷெட்டை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடியுங்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வளர்க்கலாம். சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டில் உடையாமல் வந்தது. முதல் சொட்டிலேயே கண்ணாடித் தகடு முழுக்கப் படிகங்கள். அவ்வளவு அழகு! பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், கீழே உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அந்தக் கூரைக் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? சொட்டியது பகலிலா, பொழுது சாய்ந்த பிறகா? மறந்துவிடாதீர்கள்.

அடுத்த மாதம் விடுப்பில் வருகிறேன்.

உங்கள்,
அவள்


மே 29

டாக்டரம்மாவுக்கு,

கம்பி ஏழடி உயரம். சொட்டியது பகலில்.

ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வந்து பார்ப்பவர்கள் வாடையே இல்லை என்கிறார்கள். எனக்கும் இல்லை. வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன். உன் உறையைப் பிரித்தபோது மட்டும் அது திரும்ப வந்தது. அழகு என்று எழுதியிருந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். மீதியைத் தங்கைதான் படித்துச் சொன்னாள். படித்துவிட்டு அவளும் கழுவினாள்.

விடுப்பில் இங்கே வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். கோபமாக இருந்தால் நீ எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் ஆறிப்போகும், என்னை உனக்குத் தெரியும். இது கோபம் இல்லை. குமட்டல். அதனிடம் நீ என்ன பேசுவாய்?

பட்டுக்காரன்