ஒரே இரவில் ஏழு இலை

என் கணவர் அபாங்குக்கு,

அக்காவைப் பார்க்க சிங்காவாங் போகிறேன். வியாழன் வருவேன். அடுப்பில் புபுர் பெடாஸ் கஞ்சி இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள்.

அப்புறம் மீன்தொட்டிச் செடி. “மீன் கழிவே போதும், சத்து மருந்து எதுக்கு?” என்று நீங்கள் மருந்தை நிறுத்தியதால் இலையெல்லாம் மஞ்சளாகி ஓட்டை விழுந்தது. அதற்குத்தான் சண்டை. போன வாரம் பார்த்தால் நான்கு இலைச் செடியில் பதினொரு இலை. மாதத்துக்கு ஒன்று விடுகிற செடி, ஒரே இரவில் ஏழு. “பாத்தியா, தானா தேறிடுச்சு” என்றீர்கள். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பழைய செடி குளியலறை ஜன்னலடி வாளியில் இருந்தது. அதையும் தொட்டியில் கல்லோடு கட்டிவிட்டேன். நாளை மருந்து இரண்டே சொட்டு. செடி மெதுவாகத்தான் சாப்பிடும், மிச்சத்தைப் பாசி தின்று கொழுக்கும். ஓட்டை இலை இனி ஆறாது, அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மர்லினா

பி.கு. சாவி பக்கத்து வீட்டில்.

இன்னொன்று: வாளியில் இருந்தபோதே அந்தப் பழைய செடி ஒரு துளிர் விட்டிருக்கிறது. மருந்துப் புட்டியின் மூடி வாளிக்குப் பின்னால் கிடந்தது. அதையும் நான் கேட்கவில்லை.